மின்கலமும் சுயாதீன சத்தியும்: ஓர் எண்ணிக்கையின் வரலாறு

ஒட்சியேற்றமும் தாழ்த்தலும் ஒருங்கு நிகழும் இரசாயனத் தாக்கமொன்றிலிருந்து பெறத்தக்க வேலை எவ்வளவு என்பதைக் கணித்தற்குரிய விதி மிகச் சுருக்கமானது. கைமாறும் இலத்திரன்களின் எண்ணிக்கை, பரடே மாறிலி, கலத்தின் மின்னியக்க விசை ஆகிய மூன்றையும் பெருக்கி, விடைக்கு மறைக்குறி இடுதல் வேண்டும். அங்ஙனம் பெறப்படுவதே சுயாதீன சத்தி மாற்றம். இம்மூன்றனுள் மின்னியக்க விசையைக் கருவி காட்டும். மாறிலியை அட்டவணை தரும். எண்ணிக்கையை மாத்திரம் கணிப்பவரே ஆராய்ந்து காணல் வேண்டும். வரலாற்றை நோக்குமிடத்து, எண்ணப்படும் பொருள் அறியப்படுமுன்னரே இவ்வெண்ணிக்கை வழக்குக்கு வந்துவிட்டமை புலனாகும்.

இத்தாலியரான வோல்ற்றா தமது மின்னடுக்கை 1800 ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார். அதன்பின் மின்பகுப்பு ஆராய்ச்சிகள் பெருகின. அவற்றுக்கு அளவொழுங்கு வகுத்தவர் மைக்கேல் பரடே. மின்வாயிற் படியும் பொருளின் திணிவு, செலுத்தப்பட்ட மின்கணியத்துக்கு விகிதசமமென்றும், ஒரே மின்கணியம் வெவ்வேறு பொருள்களை அவற்றின் சமவலு விகிதத்தில் விடுவிக்குமென்றும் 1834 ஆம் ஆண்டளவில் அவர் நிறுவினார். இன்றைய அளவையிற் கூறின், ஒரு மூல் வெள்ளியைப் படியச் செய்ய ஏறத்தாழ 96,485 கூலோம் வேண்டும். ஒரு மூல் செம்புக்கு அதன் இருமடங்கு வேண்டும். ஒன்று, இரண்டு என்னும் முழுவெண்கள் இவ்வாறு தோன்றின. அவை எதனை எண்ணுகின்றன என்பதை அக்காலத்தில் எவரும் அறிந்திலர்.

1836 ஆம் ஆண்டில் டானியல் அமைத்த நாக-செம்புக் கலம் ஆராய்ச்சியாளருக்குப் பெருந்துணையாயிற்று. அதுவே ஒரு தவறான கொள்கைக்கும் இடமளித்தது. தாக்கத்தில் வெளிப்படும் வெப்பம் முழுவதும் மின்வேலையாக மாறுமென வில்லியம் தொம்சன் 1851 ஆம் ஆண்டிற் கருதினார். டானியல் கலத்தின் மின்னியக்க விசை ஏறத்தாழ 1.10 வோல்ற்று. இதனை 2 ஆலும் 96,485 ஆலும் பெருக்கினால் ஏறத்தாழ 212 கிலோ யூல் பெறப்படும். அத்தாக்கத்தின் வெப்பமோ ஏறத்தாழ 219 கிலோ யூல். வேறுபாடு சிறிதாயிருந்தமையாற் கொள்கை சரியெனவே தோன்றிற்று. ஆயினும் எல்லாக் கலங்களும் அவ்வாறு இணங்கவில்லை. ஈய-அமிலக் கலம் போன்றவை சூழலிலிருந்து வெப்பத்தைக் கவர்ந்து, தாக்கவெப்பத்தினும் மிகுந்த வேலையைத் தரவல்லன.

இம்முரண்பாட்டைத் தீர்த்தவர் இருவர். அமெரிக்கரான கிப்ஸ் 1876 ஆம் ஆண்டு முதல் 1878 ஆம் ஆண்டு வரை வெளியிட்ட பேராய்வில் அதற்கான அடிப்படையை வகுத்தார். ஜெர்மானியரான ஹெல்ம்ஹோல்ற்ஸ் 1882 ஆம் ஆண்டிற் சுயாதீன சத்தி என்னும் பெயரை வழங்கினார். கலம் அளப்பது வெப்பத்தையன்று, வேலையாக மாறவல்ல பகுதியையே என்பது அதனால் தெளிவாயிற்று. கரைசலின் செறிவு மின்னியக்க விசையை மாற்றும் முறையை நேண்ஸ்ற் 1889 ஆம் ஆண்டிற் சமன்பாடாக்கினார். அச்சமன்பாட்டிலும் அம்முழுவெண் இடம்பெற்றது.

எண்ணப்படும் பொருளை உய்த்துணரும் முயற்சியும் உடன் நிகழ்ந்தது. மின்னுக்கு இயற்கையான ஓரலகு உண்டென 1874 ஆம் ஆண்டில் அயர்லாந்தரான ஸ்ரோனி உரைத்தார். 1891 ஆம் ஆண்டில் அதற்கு இலத்திரன் எனப் பெயருமிட்டார். 1897 ஆம் ஆண்டில் ஜே. ஜே. தொம்சன் கதோட்டுக் கதிர்களை ஆராய்ந்து, அணுவினுஞ் சிறிய மின்னேறிய துணிக்கைகளை வெளிப்படுத்தினார். அதன் பின்னரே அம்முழுவெண் கைமாறும் இலத்திரன்களின் தொகையென விளங்கிற்று.

எண்ணிக்கையைப் புறக்கணிப்பின் நேருங் கேட்டை இரும்பைக் கொண்டு காட்டலாம். மூவலுவுள்ள இரும்பயன் ஓரிலத்திரனை ஏற்று ஈரவலுவுள்ள அயனாகும்போது நியம மின்வாய் அழுத்தம் நேர் 0.77 வோல்ற்று, அவ்வயன் ஈரிலத்திரன்களை ஏற்று இரும்பாகும்போது மறை 0.44 வோல்ற்று. இவ்விரண்டையும் வெறுமனே கூட்டினால் நேர் 0.33 கிடைக்கும். ஐதரசன் வாயு நியம நிலையில் மூவலு இரும்பயனை உலோக இரும்பாகத் தாழ்த்திவிடும் என்னும் பொய்ம்முடிவுக்கு அது இட்டுச்செல்லும். கூட்டற்குரியது அழுத்தமன்று, சத்தியே. 0.77 ஐ 1 ஆலும், மறை 0.44 ஐ 2 ஆலும் பெருக்கிக் கூட்ட, மறை 0.11 வரும். அதனை மொத்த இலத்திரன்களாகிய 3 ஆற் பிரிக்க, மறை 0.04 என்னும் உண்மை விடை பெறப்படும். இத்தகைய அழுத்தங்களை மூலகந்தோறும் ஒழுங்குபடுத்தி லற்றிமர் 1938 ஆம் ஆண்டில் நூலாக்கினார்.

முழுச்சமன்பாட்டில் இலத்திரன்கள் ஒன்றையொன்று நீக்கி மறைந்துவிடுதலால், அவற்றை அரைச்சமன்பாடுகளிலேயே எண்ணல் வேண்டும். ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து இரு மூல் நீராகும்போது நான்கு மூல் இலத்திரன்கள் கைமாறும், 1.23 வோல்ற்றில் ஏறத்தாழ 475 கிலோ யூல் வேலை பெறத்தக்கது. சமன்பாட்டை ஒரு மூல் நீருக்கு எழுதினால் எண்ணிக்கை இரண்டாகும், சத்தியும் பாதியாகும், வோல்ற்றளவோ மாறாது. சூத்திரத்தை மனனஞ் செய்தல் எளிது. ஆயினும் பரடே முதல் லற்றிமர் ஈறாக நூறாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு அவ்வொரு முழுவெண்ணில் அடங்கியுள்ளதென அறிந்த மாணவன், அதனை எண்ணாது விடான்.