நடமாடும் வான் பாதுகாப்பு வாகனங்கள்

முன்னேறும் படையோடு கூடவே ஓடி, அதன் தலைக்கு மேல் வரும் விமானம், ஹெலிகாப்டர், டிரோன் போன்றவற்றைச் சுட்டு வீழ்த்தும் பீரங்கியோ ஏவுகணையோ பொருத்தப்பட்ட வண்டிகளே நடமாடும் வான் பாதுகாப்பு வாகனங்கள். துறைமுகத்தையோ அணையையோ காக்க வேண்டுமானால் விமான எதிர்ப்புப் பீரங்கியை ஓரிடத்தில் ஊன்றிவிடலாம். டாங்கிப் படைக்கு அது பயன்படாது. இழுத்து வந்து, கால்களை விரித்து, மட்டம் பார்த்துச் சுடத் தயாராவதற்குள் படை பல கிலோமீட்டர் தாண்டிப் போயிருக்கும்.

இந்த ஆயுதத்துக்கு விமானத்தை விட வயது அதிகம். 1870-ல் பிரஷ்யப் படை பாரிஸ் நகரை முற்றுகையிட்டபோது, நகரத்திலிருந்து பலூன்கள் தபாலையும் ஆட்களையும் சுமந்து வெளியேறின. அவற்றைச் சுடுவதற்காக க்ரூப் நிறுவனம் மேல்நோக்கித் திரும்பும் சிறு பீரங்கியை வண்டியில் ஏற்றிக் கொடுத்தது. 1906-ல் ஜெர்மனியின் எர்ஹார்ட் நிறுவனம் 5 செ.மீ. பீரங்கி பொருத்திய கவச மோட்டார் வண்டி ஒன்றைச் செய்தது. அதன் இலக்கும் பலூன்தான். முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படை தன் புகழ்பெற்ற 75 மி.மீ. பீரங்கியை தெ தியோன் பூத்தோன் வண்டியிலும், பிரிட்டிஷ் படை 13 பவுண்டர் பீரங்கியைத் தார்னிக்ராஃப்ட் லாரியிலும் ஏற்றின. சாலை இருக்கும்வரை இவை ஓடின; சேற்று வயலில் இறங்க முடியவில்லை.

இரண்டாம் உலகப் போரில் இரும்புச் சங்கிலிப் பட்டை அந்தக் குறையைத் தீர்த்தது. ஹங்கேரி, சுவீடன் நாட்டு வடிவமைப்பைக் கொண்டு 40 மி.மீ. பீரங்கியுடைய நிம்ராட் வாகனத்தைக் கட்டியது. ஜெர்மனி, வானம் தன் வசம் இருந்தவரை இதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படவில்லை. 1944-ல் நேச நாட்டு விமானங்கள் பகலில் டாங்கிகளைச் சாலையில் இறங்கவே விடாத நிலை வந்த பிறகுதான் நான்கு 20 மி.மீ. துப்பாக்கிகள் கொண்ட விர்பெல்விண்ட் அவசரமாக உருவானது. அதன் ஒன்பது பக்கக் கூண்டுக்கு மேற்கூரை கிடையாது. வெடிப்புகை வெளியேறவும், கண்ணால் வானைத் தேடவும் அப்படித் திறந்துவிட்டார்கள். வீரர்கள் அதற்கு வைத்த பெயர் ‘பிஸ்கட் டப்பா’. அமெரிக்கரின் எம்16 வண்டியிலும் நான்கு 12.7 மி.மீ. இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன; கொரியப் போரில் அது விமானத்தை விட்டுவிட்டு மலைச்சரிவில் ஏறிவரும் காலாட்படையைச் சுடவே பெரிதும் பயன்பட்டது. விமானத்துக்கென்று கட்டிய வண்டி தரையில் பேர் வாங்குவது இந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப நடப்பது.

ஜெட் விமானம் வந்ததும் மனிதக் கண் தோற்றுப்போனது. 1950-களின் சோவியத் இசட்எஸ்யு-57-2 வண்டியில் இரட்டை 57 மி.மீ. பீரங்கி இருந்தும் ரேடார் இல்லை. வேகமாகப் பாயும் ஜெட்டை அது குறிவைப்பதே அரிது. அதன் இடத்துக்கு 1962-ல் ஏற்கப்பட்டதுதான் ஷில்கா எனப்படும் இசட்எஸ்யு-23-4. சைபீரியாவில் ஷில்காவும் அர்குனும் கூடி ஆமூர் நதியாகின்றன. வண்டிக்கு ஷில்கா என்றும் அதன் பீரங்கித் தொகுதிக்கு ஆமூர் என்றும் பெயர் வைத்தார்கள். ரேடாருக்குத் தொபோல் என்ற இன்னொரு சைபீரிய நதியின் பெயர்.

ஷில்காவின் எடை சுமார் 19 டன். உள்ளே நான்கு பேர். கூண்டின் பின்புறம் நிற்கும் வட்ட ரேடார் தட்டைப் பயணத்தின்போது மடக்கிக்கொள்ளலாம். ரேடார் இலக்கைப் பிடித்ததும் கணிப்பொறி அதன் வேகத்தையும் திசையையும் கொண்டு, குண்டு போய்ச் சேரும் நேரத்தில் விமானம் எங்கே இருக்கும் என்று கணக்கிட்டு, நான்கு 23 மி.மீ. குழல்களையும் அந்த வெற்றிடத்தை நோக்கித் திருப்பும். நிமிடத்துக்குச் சுமார் 3,400 குண்டுகள். வண்டியில் இருப்பதோ 2,000. விடாமல் சுட்டால் முப்பத்தைந்து விநாடிகளில் எல்லாம் தீர்ந்துவிடும். குழல்களைச் சுற்றித் தண்ணீர் ஓடிக் குளிரவைத்தாலும் சூடு தாங்காது. அதனால் விட்டுவிட்டுச் சுடும்படியே பயிற்சி தந்தார்கள். எட்டும் தூரம் இரண்டரை கிலோமீட்டர், உயரம் ஒன்றரை கிலோமீட்டர். தரையை ஒட்டிப் பறக்கும் இலக்கை, மரங்களும் மேடுகளும் திருப்பி அனுப்பும் எதிரொலியிலிருந்து பிரித்தறிய அந்த ரேடார் திணறியது.

தனியாக நின்றால் ஷில்கா அவ்வளவு பயங்கரமானதல்ல. 1973 அக்டோபர் போரில் அதற்குத் துணை கிடைத்தது. எகிப்தும் சிரியாவும் வைத்திருந்த கூப் ஏவுகணைக்கு அஞ்சி இஸ்ரேலிய விமானிகள் தாழ்ந்து பறந்தார்கள். தாழ்ந்தால் ஷில்காவின் எல்லைக்குள் விழுந்தார்கள். அந்தப் போரில் இஸ்ரேல் இழந்த விமானங்கள் சுமார் 100. கூப்பும் சங்கிலிப் பட்டையில் ஓடுவதே: ஒரு ரேடார் வண்டி, மும்மூன்று ஏவுகணை தாங்கிய நான்கு ஏவு வண்டிகள் என்பது அதன் அணி.

ஓடக்கூடிய வண்டி ஓடாமல் நின்றால் என்ன ஆகும் என்பதை 1982 காட்டியது. லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் சிரியர்கள் கூப் அணிகளை மாதக்கணக்கில் இடம் மாற்றாமல் வைத்திருந்தார்கள். இஸ்ரேல் ஆளில்லா விமானங்களை அனுப்பி ஒவ்வொன்றின் இருப்பிடத்தையும் குறித்துக்கொண்டு, ஜூன் 9 அன்று ஒரே நாளில் பெரும்பாலானவற்றை அழித்தது. ஆப்கானிஸ்தானிலோ எதிரியிடம் விமானமே இல்லை. சோவியத் படை ஷில்காவின் ரேடார் கருவிகளைக் கழற்றிவிட்டுக் கூடுதல் குண்டுகளை ஏற்றி, டாங்கிக் குழல் நிமிராத மலை உச்சிகளைச் சுட வைத்தது.

மேற்கு ஜெர்மனியின் கெபார்டு 1976-ல் சேவைக்கு வந்தது. லெபர்ட் டாங்கியின் அடிப்பகுதி மேல் இரண்டு 35 மி.மீ. ஓர்லிகான் பீரங்கிகள், தேடுவதற்கு ஒரு ரேடார், தொடர்வதற்கு இன்னொன்று. இவ்வகையில் இதுவே மிக நேர்த்தியானது என்று சொன்னால் தவறில்லை; விலையும் அதற்கேற்றதுதான். இதைப் போல ஒன்றைக் கட்ட முயன்ற அமெரிக்கா கையைச் சுட்டுக்கொண்டது. பழைய எம்48 டாங்கியின் அடிப்பகுதி, எஃப்-16 விமானத்தின் ரேடாரைத் தழுவிய ரேடார், 40 மி.மீ. பீரங்கிகள் ஆகியவற்றைச் சேர்த்துச் செய்த சார்ஜென்ட் யார்க், ஏறத்தாழ 180 கோடி டாலர் செலவான பின் 1985 ஆகஸ்டில் கைவிடப்பட்டது. வானில் பறக்கும்போது தேடுவதற்கென்று பிறந்த ரேடார், தரையில் நின்று தேடத் தடுமாறியது.

இதற்கிடையே ஹெலிகாப்டர்கள் ஷில்காவின் எல்லைக்கு வெளியே நின்றே டாங்கிகளைத் தாக்கும் ஏவுகணைகளைப் பெற்றன. பீரங்கி எட்டாத தூரத்தை ஏவுகணை எடுத்துக்கொண்டது. 1971-ல் வந்த சோவியத் ஓசா, தேடும் ரேடார், தொடரும் ரேடார், ஏவுகணை மூன்றையும் நீரிலும் நீந்தும் ஒரே ஆறு சக்கர வண்டியில் அடக்கியது. 1982-ல் ஏற்கப்பட்ட துங்குஸ்கா 30 மி.மீ. பீரங்கிகளோடு ஏவுகணைகளையும் சுமந்தது. பனிப்போர் முடிந்து, வானம் எப்போதும் தம்முடையதே என்று மேற்கு நாடுகள் நம்பத் தொடங்கியதும் இந்தப் படைப்பிரிவுகள் கலைக்கப்பட்டன. ஜெர்மனி கெபார்டை 2010-ல் ஓய்வுக்கு அனுப்பியது.

அதே கெபார்டு 2022-ல் உக்ரைனுக்குப் போய், ஷாஹெத் டிரோன்களை வீழ்த்துவதில் பேர் பெற்றது. மலிவான டிரோனுக்கு எதிராக விலையுயர்ந்த ஏவுகணையைச் செலவிட்டால், வீழ்த்தியவருக்குத்தான் நஷ்டம். சில 35 மி.மீ. குண்டுகள் போதும் என்றால் கணக்கு மாறுகிறது. ஆனால் அந்தக் குண்டுகளுக்கே தட்டுப்பாடு வந்தது. சுவிட்சர்லாந்து தன் நாட்டில் செய்த குண்டுகளை மறுஏற்றுமதி செய்ய மறுக்க, ரைன்மெட்டல் நிறுவனம் ஜெர்மனியிலேயே உற்பத்தியைத் தொடங்கியது. இலக்குக்குச் சற்று முன் வெடித்து டங்ஸ்டன் துகள்களைத் தூவும் குண்டுகளைச் சுடும் ஸ்கைரேஞ்சர் போன்ற புதிய வண்டிகள் இப்போது வருகின்றன.

இந்தியத் தரைப்படை நெடுங்காலம் ஷில்கா, கூப், ஓசா, ஸ்ட்ரேலா-10, துங்குஸ்கா என்று சோவியத், ரஷ்ய வண்டிகளையே நம்பியிருந்தது. வான் பாதுகாப்புப் பிரிவு பீரங்கிப் படையிலிருந்து 1994-ல் தனியாகப் பிரிந்தது. ராமேசுவரத்தில் பிறந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாமின் தலைமையில் 1983-ல் தொடங்கிய ஏவுகணைத் திட்டத்தில் உருவான ஆகாஷ், கூப்பைப் போலவே ஏவு வண்டிக்கு மூன்று ஏவுகணைகள் கொண்டது. சுமார் 25 கிலோமீட்டர் எட்டும். 2015-ல் தரைப்படையில் சேர்ந்தது. பழைய ஷில்காவும் விலக்கப்படவில்லை. பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் அதற்குப் புதிய ரேடாரும் பகலிரவு பார்க்கும் மின்னணுக் கருவிகளும் பொருத்தியது. 2025 மே மாதம் மேற்கு எல்லையில் டிரோன்கள் வந்தபோது ஆகாஷோடு ஷில்காவும் களத்தில் இருந்தது.