கட்டைக்குள் அடங்காத பண்

ஆர்மோனியம் என்றதும் புருவம் நெரிக்கும் இசைவாணர் நம்மிடையே பலர். அதன் சுரம் குழையாது, கமகம் பேசாது என்பது அவர்தம் குற்றச்சாட்டு. அகில இந்திய வானொலியும் 1940ஆம் ஆண்டில் அக்கருவியை விலக்கி வைத்தது. 1971 வரை அத்தடை நீடித்தது. அங்ஙனம் தள்ளப்பெற்ற பெட்டியே தமிழ் நாடக மேடையில் கட்டற்ற இசைக்குத் துணை நின்றது என்பதை ஈண்டு எண்ணிப் பார்ப்போம்.

பாரிசில் 1842இல் தெபேன் என்பார் காப்புரிமை பெற்ற ஆர்மோனியம், காலால் துருத்தி மிதித்து வாசிப்பது. அதனைத் தரையிலமர்ந்து ஒரு கையால் துருத்தி அசைத்து, மறு கையால் வாசிக்கும் பெட்டியாக்கிய பெருமை கல்கத்தா துவாரகாநாத கோஷைச் சாரும்.

சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) இயற்றிய நாடகங்கள் பாட்டாலே நடப்பவை. அவற்றை 'ஸ்பெஷல் நாடக'மாக ஆடுங்கால், பல ஊர் நடிகர் ஒத்திகையின்றி அன்றிரவே மேடையில் கூடுவர். வள்ளி எந்த இராகத்தில் எடுப்பாள், வேலன் எங்ஙனம் விடையிறுப்பான் என்பது முன்னரே முடிவாவதில்லை. விருத்தமோ தாளக்கட்டு இல்லாதது. நடிகர் நிறுத்தும் இடமறிந்து, விட்ட சங்கதியை ஏந்தி, அடுத்த அடிக்கு வழி திறப்பவர் ஆர்மோனியக்காரரே. பின்பாட்டும் அவரே பாடுவார். செங்கோட்டை கிட்டப்பாவின் (1906-1933) கம்பீரக் குரலுக்கு அவர்தம் உடன்பிறந்தார் காசி ஐயரின் ஆர்மோனியம் அவ்வாறே துணை நின்றது.

நிற்க. அமெரிக்காவிலும் இதனையொத்த வரலாறு உண்டு. ஹாமண்ட் என்பாரின் மின் ஆர்கன் 1935இல் விற்பனைக்கு வந்தபோது, விலைமிக்க குழாய் ஆர்கன் வாங்க இயலாத தேவாலயங்கள் அதனை வாங்கின. கறுப்பின மக்களின் வழிபாட்டில் ஊறிய அவ்வோசை ஜாஸ் மேடைக்கும் ஏறிற்று. 1956இல் ஜிம்மி ஸ்மித் என்பாரின் இசைத்தட்டுகள் வெளிவந்தன. இடக்கையாலும் காலாலும் அடித்தள ஓசையும் இணைசுரங்களும் நிறுத்தி, வலக்கையால் கற்பனைச் சுரம் பொழிந்தார் அவர். 1965இல் 'யூனிட்டி' என்னும் தட்டைப் பதிவு செய்த லாரி யங், அவ்விணைசுரக் கட்டையும் தளர்த்தி மேலும் விரிந்து சென்றார்.

இரண்டிடத்தும் கட்டைகள் அசையாதவையே; விடுதலை வாசிப்போன் செவியில் இருந்தது. உடனிசைப்போர் மூச்சைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த கலை இது.

ஆயின் ஒரு வேறுபாடு. அங்கே வாசித்தோர் பெயர் தட்டுகளில் நிலைத்தது. இங்கே காசி ஐயரைப் போன்ற சிலர் நீங்கலாக, ஏனையோர் 'பெட்டிக்காரர்' என்ற பொதுப் பெயரோடு மறைந்தனர். பினாங்கிலும் அக்கரைத் தோட்டங்களிலும் பஜனைக்கும் கூத்துக்கும் பெட்டி வாசித்தோர் எத்தனை பேர்! ஆசிரிய நண்பர்களே, உங்கள் மாணவரை அவர்தம் பாட்டன் பாட்டியரிடம் அனுப்பி, அப்பெயர்களைக் கேட்டெழுதி வரச் செய்யுங்கள். சொல்லத்தக்கோர் நாளும் குறைந்து வருகின்றனர்.