தப்பு செய்ய எவ்வளவு செலவு? – முதல் கேமராவின் கதை

டிஸ்கி: எழுதுபவன் பி.காம் மாணவன், புகைப்பட வல்லுநன் இல்லை. கேமராவைப் பற்றிப் பேச ஆரம்பித்து நடுவில் காஸ்ட் அக்கவுண்டிங் வந்துவிட்டால் மன்னிக்கவும். :)

எங்கள் மயிலாப்பூர் வீட்டுப் பரணில் ஒரு டப்பா கேமரா இருக்கிறது. தாத்தாவுடைய அக்ஃபா கிளிக் III. பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் தயாரித்தது. வெயில், மேகம் என்று இரண்டு வேளைக்கும் ஒரு திருகு, அழுத்த ஒரு பொத்தான், அவ்வளவுதான். 120 பிலிம் சுருள் ஒன்றில் 12 படம். அந்தப் பன்னிரண்டில் ஒன்றுதான் பாட்டியின் இளவயதுப் படமாக வீட்டில் மிச்சம். அதில் பாட்டி கண்ணை மூடியிருக்கிறார். "இன்னொண்ணு எடுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டால், "பிலிம் என்ன மரத்துலயா காய்ச்சுது?" என்பார் தாத்தா.

ஆரம்பநிலை கேமரா நல்லதா கெட்டதா என்று பார்க்க மெகாபிக்சலை விட நல்ல அளவுகோல் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு படம் சொதப்பினால் என்ன செலவு? எங்கள் பாடப்புத்தகத் தமிழில் சொன்னால், இறுதிநிலைச் செலவு.

கொஞ்சம் பின்னால் போவோம். சென்னையில் புகைப்படம் கற்றுக்கொள்ளும் ஆசை ரொம்பப் பழசு. 1850-ல் இங்கே கலைப்பள்ளி தொடங்கிய டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர்தான் மதராஸ் புகைப்படச் சங்கம் உருவானதற்கும் முக்கியக் காரணம். பெரியமேட்டில் இருக்கும் இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி அவர் ஆரம்பித்த பள்ளிதான். அதே காலத்தில் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தார். சாமான்களை மாட்டுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு போய் 1858-ல் மதுரை, தஞ்சாவூர் கோயில்களைப் படமெடுத்தார். படங்கள் அற்புதம். ஆனால் கவர்னராக வந்த சர் சார்லஸ் ட்ரெவெல்யன் இதெல்லாம் வீண் ஆடம்பரம் என்று சொல்லி அந்த வேலையையே நிறுத்திவிட்டார். அரசாங்கத்துக்கே கட்டுப்படியாகவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

அடுத்த நூறு வருடத்தில் கேமரா விலை இறங்கியது, ஆனால் பிலிம் செலவு விடவில்லை. 1960-ல் ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் 'இந்து' கருப்பு வெள்ளை பிலிம் நம் ஊர் ஸ்டூடியோக்களுக்கு நன்றாகத் தெரியும். 1990களிலேயே நலிந்த அந்த நிறுவனம் பிறகு மூடப்பட்டது. 1976 முதல் 1997 வரை தயாரான பென்டாக்ஸ் கே1000 உலகம் முழுக்க மாணவர்களின் முதல் எஸ்எல்ஆர். அருமையான, எளிமையான கருவி. ஆனால் 36 படம் எடுத்து, கழுவி, பிரிண்ட் போட்ட பிறகுதான் 30 படம் வெளிறிப்போனது தெரியும். அதற்குள் என்ன செட்டிங் வைத்தோம் என்பதும் மறந்திருக்கும்.

2003 ஆகஸ்டில் கேனான் ஈஓஎஸ் 300டி வந்தது. 6.3 மெகாபிக்சல். அமெரிக்க விலை லென்ஸ் இல்லாமல் 899 டாலர். ஆயிரம் டாலருக்குக் கீழே இறங்கிய முதல் டிஎஸ்எல்ஆர் இதுதான். இங்கே ஒரு காமர்ஸ் வேடிக்கை உண்டு. 1,499 டாலர் விலையுள்ள ஈஓஎஸ் 10டி-யில் இருந்த அதே சென்சார்தான் இதிலும். விலை வித்தியாசத்துக்குக் காரணம் காட்ட, பிளாஸ்டிக் உடம்பைக் கொடுத்துச் சில வசதிகளை மென்பொருளிலேயே பூட்டி வைத்தார்கள். அந்த மென்பொருளை மாற்றிப் பூட்டைத் திறந்து காட்டினார்கள் இணைய ஆசாமிகள்!

2006 நவம்பரில் வந்த நிக்கான் டி40-ஐத்தான் நான் இங்கே மதிப்பிடப் போகிறேன். 18-55 லென்ஸோடு அப்போது 600 டாலர். 6.1 மெகாபிக்சல். இப்போது கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் படம் 3008 x 2000 புள்ளிகள். 10 அங்குல அகலத்துக்குத் தரமாகப் பிரிண்ட் போடலாம். வீட்டுச் சுவருக்கு அது போதும்.

பெரிய ப்ளஸ் ஃப்ளாஷ். 1/500 நொடி வேகத்திலும் ஃப்ளாஷோடு ஒத்துப்போகும். அறுபத்து மூவர் அன்று பங்குனி வெயிலில் மாட வீதியில் நின்றால் இதன் அருமை புரியும். தலைக்கு மேல் வெயில், முகமெல்லாம் நிழல். கொஞ்சம் ஃப்ளாஷ் போட்டால் முகம் தெளிவாகிவிடும். சாயங்காலம் விளக்கு வெளிச்சத்துக்கு வந்தால்தான் திணறும். ஐஎஸ்ஓ 1600 போனால் படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

பெரிய மைனஸ், உள்ளே ஃபோகஸ் மோட்டார் கிடையாது. அப்போது சல்லிசாகக் கிடைத்த 50எம்எம் 1.8டி லென்ஸை மாட்டினால் ஃபோகஸைக் கையால்தான் திருக வேண்டும். மோட்டார் உள்ள லென்ஸ் வேண்டுமென்றால் கூடுதல் பணம். உடம்பை மலிவாகக் கொடுத்து லென்ஸில் லாபம் பார்க்கும் கணக்கு. ரேசரும் பிளேடும் மாதிரி.

இந்தக் கதைக்கு முடிவும் வந்துவிட்டது. உலகம் முழுக்க 2010-ல் ஏறக்குறைய 12 கோடி டிஜிட்டல் கேமராக்கள் அனுப்பப்பட்டன. 2020-ல் அது 90 லட்சத்துக்கும் கீழே. டி40 வம்சத்தின் கடைசி வாரிசு 2018-ல் வந்த டி3500. மிச்ச வேலையை செல்போன் எடுத்துக்கொண்டது.

அப்புறம் ஏன் இந்த வருடம் அடையாறில் ட்யூஷன் எடுத்துச் சேர்த்த பணத்தில் புது போன் வாங்காமல் பழைய டி40 வாங்கினேன்? வீட்டில் எல்லோரும் திட்டினார்கள். நண்பன் ஒருத்தன் "மியூசியத்துக்கா?" என்றான். போன் நம் தப்பை நமக்கே தெரியாமல் திருத்திவிடுகிறது. டி40 தப்பைக் காட்டுகிறது, தண்டம் கேட்பதில்லை. கற்றுக்கொள்ள இரண்டும் வேண்டும்.

வாங்குபவர்களுக்கு மூன்று விஷயம். ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று பாருங்கள். 32 ஜிபிக்கு மேல் கார்டு வேண்டாம், எடுக்காது. லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பூஞ்சை இருக்கிறதா பாருங்கள். நம்முடையது கடற்கரை ஊர், ஈரம் சும்மா விடாது. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்தால் நல்லது.

வாங்கிய அன்று சமையலறையில் ஜன்னல் வெளிச்சத்தில் அம்மாவை எடுத்தேன். மொத்தம் 43 படம். 41 வேஸ்ட். பாதி இருட்டு, பாதி ஆட்டம், நாலைந்தில் அம்மாவும் பாட்டி மாதிரியே கண்ணை மூடிவிட்டார். மீதி இரண்டு நன்றாக இருக்கின்றன. தாத்தாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "நாற்பத்து மூணா?" என்றார். "செலவு?" என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். பரணைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.