பிபிஎல், சிபிஎல், ஏடிபிஎல்: விமானி உரிமக் குறிகள் வளர்ந்த வரலாறு

விமானி உரிமம் அரசு அலுவலகத்தில் பிறக்கவில்லை. பொழுதுபோக்குச் சங்கங்களில் பிறந்தது. பிரிட்டனின் ஏரோ கிளப் தன் முதலாம் எண் சான்றிதழை 1910 மார்ச் 8 அன்று மூர் பிராபசானுக்கு வழங்கியது. 1929 பிப்ரவரி 10 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா பெற்ற முதலாம் எண் சான்றும் இந்தியா, பர்மா ஏரோ கிளப் கொடுத்ததுதான். இவருக்குப் பறக்கத் தெரியும் என்பதைத் தவிர அந்தத் தாள் வேறெதற்கும் உறுதி சொல்லவில்லை.

பறப்பது தொழிலான பிறகு அந்த உறுதி போதவில்லை. 1919 பாரிஸ் ஒப்பந்தத்துக்குப் பின் பிரிட்டனிலும் அதன் ஆட்சிப் பகுதிகளிலும் உரிமம் இரண்டாகப் பிரிந்தது. ‘ஏ’ உரிமம் உள்ளவர் சொந்த விருப்பத்துக்குப் பறக்கலாம், கூலி வாங்கக் கூடாது. ‘பி’ உரிமம் பெற்றவரே கூலிக்கு ஓட்டலாம். விமானியின் கைத்திறனைவிட, அவரை நம்பி ஏறும் அயலாரின் உயிரே இந்தப் பிரிவினைக்குக் காரணம் என்பது என் கருத்து. பின்னர் வந்த எல்லாக் குறிகளும், விமானியை நம்பி அயலார் ஏறலாமா என்ற ஒரே கேள்வியின் கிளைகள்தாம்.

இவ்விரு எழுத்துகளுக்கு நடுவே எவ்வளவு தூரம் இருந்தது என்பதைச் சரளா தக்ராலின் வாழ்க்கை காட்டுகிறது. 1936இல், 21 வயதில், லாகூரில் சேலை கட்டிக்கொண்டு ஜிப்ஸி மாத் விமானத்தை ஓட்டி ‘ஏ’ உரிமம் பெற்றார். ஆயிரம் மணி நேரம் பறந்தார். 1939இல் விமானியான கணவர் விபத்தில் இறந்த பிறகும் ‘பி’ உரிமத்துக்காக ஜோத்பூர் போனார். உலகப் போர் மூண்டது. பொதுமக்களுக்கான பயிற்சி நின்றது. லாகூர் திரும்பி ஓவியம் படித்தார். அந்த இரண்டாவது எழுத்து அவருக்குக் கிட்டவே இல்லை.

போர் முடிந்ததும் உலகம் ஒரே அளவுகோலுக்கு வந்தது. 1944 சிகாகோ ஒப்பந்தத்தின் முதலாம் இணைப்பு 1948இல் ஏற்கப்பட்டது. அதன்படி தனியார் விமானி உரிமம் பிபிஎல், வணிக விமானி உரிமம் சிபிஎல், பெரிய பயணி விமானத்துக்குத் தலைமை விமானியாவதற்கான உரிமம் ஏடிபிஎல். விமானத்துக்கு இன்றைய குறைந்தபட்சப் பறப்பு நேரம் பொதுவாக முறையே 40, 200, 1,500 மணி. அங்கீகரிக்கப்பட்ட தொடர் பயிற்சியில் முதலிரண்டும் சற்றுக் குறையும். 1957இல் விடுதலை பெற்ற மலாயாவும் மறு ஆண்டே, அந்த ஒப்பந்தத்தால் உருவான அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பில் சேர்ந்து இதே அளவுகோலுக்கு வந்தது. பழைய ஆவணங்களைப் படிப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அன்றைய ‘ஏ’ தனியார் உரிமம், இன்று பிபிஎல்லுக்குப் பின் அடைப்புக்குறியில் வரும் ‘ஏ’ விமானம், ‘எச்’ ஹெலிகாப்டர்.

உரிமத்தோடு ஒட்டி வரும் ரேட்டிங் வேறு வகை. எந்த ரக விமானம், எத்தனை இயந்திரம், எந்த வானிலை என்பதை அது சொல்லும். இவற்றுள் ஐஆர் எனப்படும் கருவிவழிப் பறத்தல் தகுதியைக் கேமரன் மலைவாசிகளுக்கு விளக்கத் தேவையே இல்லை. அங்குள்ள திரிங்காப்பில் மூடுபனி இறங்கும்போது எதிரே உள்ள காய்கறித் தோட்டமும் தெரியாது, மலையும் தெரியாது. அப்படி வெளியே எதுவும் தெரியாத நிலையில் விமானியின் காது அவரை ஏமாற்றும்: விமானம் சாய்ந்து திரும்பிக்கொண்டிருக்கும்போதே நேராகப் போவதாக உடல் நம்பும். உடலை நம்பாமல் முன்னாலிருக்கும் கருவியின் முள்ளை நம்பப் பழகுவதே இந்தப் பயிற்சி. 1929 செப்டம்பர் 24 அன்று அமெரிக்காவில் ஜிம்மி டூலிட்டில், மூடிய இருக்கையில் கருவிகளை மட்டும் பார்த்து ஏறி, பறந்து, இறங்கிக் காட்டினார். ஐஆர் இல்லாத சிபிஎல்காரருக்கு, அவர் எத்தனை மணி நேரம் பறந்தவராயினும், மேகத்துக்குள் நுழைய உரிமை இல்லை.

நம் பிள்ளைகள் எஸ்பிஎம் தேர்வை முடித்துப் பறக்கும் பள்ளிகளின் விளம்பரத்தைப் புரட்டும்போது ‘ஃப்ரோஸன் ஏடிபிஎல்’ என்றொரு சொல்லைக் காண்பார்கள். இது தனி உரிமம் இல்லை. ஏடிபிஎல் எழுத்துத் தேர்வுகளில் தேறியாயிற்று, 1,500 மணி நேரம் இன்னும் சேரவில்லை என்பதே அதன் பொருள். பெற்றோர் கடன் வாங்கிக் கட்டும் பெரும் பணத்துக்குக் கையில் கிடைப்பது சிபிஎல்லும் ஐஆரும்தான் என்பதைக் கையெழுத்திடுமுன் தெரிந்துகொள்வது அவர்களின் உரிமை. 2006இல் வந்த எம்பிஎல் இன்னொரு பாதை. விமான நிறுவனத்தின் துணை விமானி இருக்கைக்கே நேராகப் பயிற்றுவிக்கும் உரிமம் அது. சிறிய விமானத்தைத் தனியே கூலிக்கு ஓட்ட அது மட்டும் செல்லாது. சிபிஎல்லுக்கான தகுதிகளைத் தனியே நிறைவு செய்ய வேண்டும்.