அண்டை ஞாயிறுகளின் கணக்கு

ஞாயிற்றை ஒத்த உடுக்கள் நமக்கு அண்மையில் எத்தனை உள்ளன என்னும் வினாவுக்கு விடை காண, வானத்து உடுக்களை எண்ணினால் மட்டும் போதாது. அவற்றின் தூரத்தையும் அறிதல் வேண்டும். இவ்வறிவு வளர்ந்த வரலாற்றிலே தமிழ் வழங்கும் கரையோர நகரங்கள் இரண்டிற்கு இடமுண்டு.

ஆனி மாத முன்னிரவில் உப்புவெளியிலிருந்து தெற்கே நோக்குவோர், தொடுவானிலிருந்து ஏறக்குறைய 20 பாகை உயரத்தில் அல்பா சென்ரோரி என்னும் உடுவைக் காணலாம். வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இதனை, 1689 டிசெம்பரில் புதுச்சேரியில் வால்வெள்ளியொன்றை அவதானித்த இயேசு சபைத் துறவி ழான் ரிஷோ, தொலைநோக்கியின் துணைகொண்டு இரண்டெனக் கண்டார். அவற்றுள் ஒளிமிக்கது நமது ஞாயிற்றின் இனத்தது என்பதையும், அவ்வினத்துள் நமக்கு மிக அண்மையது என்பதையும் அவர் அறிய வழியில்லை. அகத்திய மீன் அதனினும் ஒளி மிக்கதாய்த் தோன்றுகிறது. ஆயினும் அதன் தூரம் ஏறக்குறைய 300 ஒளியாண்டு. அல்பா சென்ரோரியின் தூரமோ 4.4 ஒளியாண்டே. எனவே, ஒளி அண்மைக்கு அளவுகோலன்று.

பூமி ஞாயிற்றைச் சுற்றி வருகையில், அண்மை உடுக்கள் சேய்மை உடுக்களின் பின்னணியில் சிறிதே இடம்பெயர்வனபோல் தோன்றும். இவ்விடப்பெயர்ச்சியே தூரத்தைத் தரும். நன்னம்பிக்கை முனையில் 1832, 1833ஆம் ஆண்டுகளில் தாம் எடுத்த அளவீடுகளைக்கொண்டு, தோமஸ் ஹென்டர்சன் அல்பா சென்ரோரியின் தூரத்தை 1839இல் வெளியிட்டார்.

இத்தகைய பணிக்கு உடுக்களின் இடங்களைத் திருத்தமாகக் குறித்தல் இன்றியமையாதது. சென்னை வானோக்கு நிலையத்தில் ரெய்லர் என்பார் 11,015 உடுக்களின் இடங்களைப் பட்டியலாக்கி 1844இல் வெளியிட்டார். அவருக்குப்பின் அங்கு பணியாற்றிய ஜேக்கப், ஏறக்குறைய 17 ஒளியாண்டுத் தூரத்திலுள்ள 70 ஒபியூச்சி என்னும் இரட்டை உடுவின் இயக்கத்தில் பிறழ்வு கண்டு, புலப்படாத கோளொன்று அங்கு இருத்தல் கூடும் என 1855இல் உரைத்தார். அக்கூற்று நிலைபெறவில்லை. எனினும், அண்டை ஞாயிறுகளுக்கும் கோள்கள் உண்டோ என்னும் வினா, கற்பனையை விடுத்து அளவீட்டை நாடியமைக்கு அது சான்றாகும்.

1989இல் ஏவப்பட்ட ஹிப்பார்க்கஸ், 2013இல் ஏவப்பட்ட கயா ஆகிய விண்கலங்கள் தூரக் கணக்கை மிகத் திருத்தமாக்கின. 32.6 ஒளியாண்டு எல்லைக்குள் ஞாயிற்றின் ஜீ வகையைச் சேர்ந்த உடுக்கள் ஏறக்குறைய 20 மட்டுமே. சற்றுக் குளிர்ந்த கே வகையையும் சேர்ப்பின் தொகை ஏறக்குறைய மும்மடங்காகும். எஞ்சியவற்றுட் பெரும்பாலானவை வெறுங்கண்ணுக்குத் தோன்றாத செங்குறள் உடுக்கள்.

நமது ஞாயிறு சாதாரண உடுவென்று கூறுவது வழக்கம். கணக்கோ, அது சிறுபான்மையினத்தது என்கிறது. கண்ணுக்குத் தெரிவனவற்றைக்கொண்டே முழுமையைத் தீர்மானித்தல் தகாது என்பது, வானியலுக்கேயன்றி வரலாறு கற்போர்க்கும் உரிய பாடமாகும்.