கஞ்சித் தொட்டியும் ஞானஸ்நானத் தொட்டியும்

"கஞ்சிக்கு வேதத்துல சேர்ந்தவனுங்கதானே நீங்க?" தருமபுரிப் பக்கத்துச் சேரிகளில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த எவரும் இந்தக் கேள்வியைச் சந்திக்காமல் வளர்ந்திருக்க முடியாது. டீக்கடையில் கேட்பார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள். படித்து வேலைக்குப் போனால் அலுவலகத்தில் கொஞ்சம் நாகரிகமாகக் கேட்பார்கள். கஞ்சி சில வாய்களில் கோதுமை மாவாகும், சில வாய்களில் பால்பவுடராகும். எகத்தாளம் மட்டும் மாறாது. 'உங்களுக்கு வயிறு மட்டும்தான் இருக்க முடியும், நம்பிக்கை என்று ஒன்று இருக்க முடியாது' என்பதுதான் அதன் சாரம்.

இந்த எகத்தாளத்துக்குப் பதில் சொல்ல வெட்கப்பட்டே நம்மில் பலர் வரலாற்றைத் தொடாமல் விட்டுவிட்டோம். கஞ்சியைப் பற்றிப் பேச வெட்கப்பட வேண்டியவர்கள் நாமல்ல. எனவே கஞ்சியிலிருந்தே தொடங்குகிறேன்.

1

இன்றைய தருமபுரி மாவட்டம் 1965-ல் சேலத்திலிருந்து பிரிந்தது. 2004-ல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. நான் பேசப்போகும் காலத்தில் இவை எல்லாமே சேலம் ஜில்லா. 1871 மக்கள் கணக்கெடுப்பில் அந்த ஜில்லாவில் இருந்தவர்கள் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881-ல் இருந்தவர்கள் 16 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. பத்து வருஷத்தில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள் கணக்கிலிருந்து விழுந்துவிட்டார்கள். பிழைப்புத் தேடி வெளியேறியவர்களும் அதில் உண்டு. ஆனால் இந்தக் குறைவை உண்டாக்கியது முதன்மையாகச் சாவுதான். இடையில் வந்தது 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம்.

மழை பொய்த்தது உண்மை. ஆனால் மழை மட்டும் இத்தனை பேரைக் கொல்லாது. 1860-களின் தொடக்கத்திலேயே சேலம் வழியாக ரயில் ஓட ஆரம்பித்திருந்தது. தானியம் வரவும் போகவும் வழி இருந்தது. வாங்கக் காசுதான் இல்லை. விலை ஏறியபோது பதுக்கியவர்கள் பதுக்கினார்கள், வெளிநாட்டுக்குத் தானியம் ஏற்றுமதியாவதை அரசு நிறுத்தவில்லை. 1877 ஜனவரி முதல் தேதி விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாக அறிவிக்க வைசிராய் லிட்டன் தில்லியில் தர்பார் நடத்திக்கொண்டிருந்தார். அதே மாதம் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் கல் உடைக்கும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சொற்பக் காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோ கூட இல்லை. மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ், இது வேலை செய்கிற உடம்பைக் காப்பாற்றாது என்று எதிர்த்து எழுதினார். சில மாதங்கள் கழித்துத்தான் கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் செத்தவர்கள் செத்துவிட்டார்கள்.

யார் செத்தார்கள்? நிலமில்லாதவர்கள். கேழ்வரகும் சாமையும் விளைகிற இந்த மேட்டு நிலத்தில், சேரிக்காரர்கள் பெரும்பாலும் படியாட்கள். விளைந்தால் படி உண்டு, விளையாவிட்டால் 'போய் வா' என்பதுதான் ஒப்பந்தம். வருஷமெல்லாம் உழைத்தவனை முதல் பஞ்ச மாதத்திலேயே கைகழுவிவிட அந்த முறையில் தடையேதும் இல்லை. கைகழுவப்பட்டவன் எங்கே போவான்? கஞ்சித் தொட்டிக்குப் போனான்.

எங்கள் ஆயா தன் ஆயா வழியாகக் கேட்டதைச் சொல்லும்: "ஊருக்கெல்லாம் குழி வெட்டனவங்க நாமதான். தாது வருசத்துல நமக்குக் குழி வெட்ட ஆளில்ல. குழி வெட்டறவனே குழிக்குப் போயிட்டான்." மூன்று தலைமுறை தாண்டி வந்த இந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் கணக்கெடுப்பு எண்கள் ஊமையாகிவிடுகின்றன.

2

இப்போது எகத்தாளத்துக்கு வருவோம். கஞ்சி குடித்தால் மதம் மாறுமா? அந்த இரண்டு வருஷங்களில் கஞ்சித் தொட்டிகளை நடத்தியதில் பெரும்பங்கு அரசாங்கத்தினுடையது. கோடை வெயிலில் வரிசையில் நின்ற லட்சக்கணக்கானவர்களில் சேரிக்காரர் மட்டுமல்ல, நொடித்துப்போன குடியானவர்களும் நெசவாளர்களும் இருந்தார்கள். கஞ்சி மதத்தை மாற்றும் என்றால் சேலம் ஜில்லா முழுவதும் 1878-ல் கிறிஸ்தவ ஜில்லாவாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. இன்றைக்கும் தருமபுரியில் கிறிஸ்தவர்கள் சிறு எண்ணிக்கைதான், தலித் மக்களில் பெரும்பாலோர் மாரியம்மனையும் முனியப்பனையும் கும்பிடுகிறவர்கள்தான். எனவே கஞ்சி குடித்த எல்லோரும் சேரவில்லை. சேர்ந்தவர்களுக்குக் கஞ்சிக்கு மேலே ஏதோ ஒன்று வேண்டியிருந்தது.

இதைத் தெளிவாகக் காட்டுகிற சம்பவம் தெலுங்கு நாட்டில் நடந்தது. நம் பக்கத்து அருந்ததியரில் பலருக்கு வீட்டுமொழி தெலுங்கு. ஆகவே ஓங்கோல் மாதிகர்களின் கதை நமக்கு அயலார் கதை அல்ல. அங்கே 1866 முதல் பணியாற்றிய அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஜான் கிளவ், பஞ்சத்தில் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியைத் தோண்டும் ஒப்பந்தத்தை எடுத்துப் பட்டினி கிடந்தவர்களுக்கு வேலை கொடுத்தார். ஞானஸ்நானம் கேட்டு ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அவர் கொடுக்க மறுத்தார். நிவாரணம் நடக்கும்வரை யாருக்கும் ஞானஸ்நானம் இல்லை என்று ஒரு வருஷத்துக்கும் மேலாகத் தள்ளிவைத்தார். பஞ்சம் தணிந்து கூலியும் நின்றபிறகு கூட்டம் கலைந்துவிடும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். கலையவில்லை. 1878 ஜூலை 3-ஆம் தேதி குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். கொடுப்பதற்குக் கையில் ஒன்றுமில்லாத நேரத்தில் வந்தவர்கள் அவர்கள். அவர்களையும் சேர்த்துத்தான் 'கஞ்சிக்கு வந்தவர்கள்' என்கிறார்கள்!

நமக்குப் பக்கத்தில், வட ஆற்காட்டுச் சேத்துப்பட்டில் பாரிஸ் அந்நிய வேதபோதக சபையைச் சேர்ந்த தராஸ் சாமியாரிடமும் பஞ்சத்தையொட்டிப் பெரும் எண்ணிக்கையில் பறையர்கள் வேதத்தில் சேர்ந்தார்கள். சேலத்தில் லண்டன் மிஷன் 1827-லேயே வந்துவிட்டது. மிஷனரிகளைத் தேவதூதர்களாக்குவது என் வேலையல்ல. சாகக் கிடந்த குழந்தைகளுக்கு அவசர ஞானஸ்நானம் கொடுத்து, அதை எண்ணிக்கையாக ஐரோப்பாவுக்கு எழுதி அனுப்பியவர்கள் அவர்களில் உண்டு. உடம்பைக் காப்பாற்ற முடியாத இடத்தில் ஆத்துமாவைக் கணக்கில் சேர்த்த அந்தப் பழக்கத்தை நாம் விமர்சிக்கத்தான் வேண்டும். ஆனால் மிஷனரி என்ன நினைத்தான் என்பது ஒரு கேள்வி, நம் மூதாதை என்ன நினைத்தாள் என்பது வேறொரு கேள்வி. இரண்டாவது கேள்வியை இதுவரை யாரும் கேட்கவில்லை.

3

அவள் என்ன நினைத்திருப்பாள்? அவளுக்கு என்ன கிடைத்தது என்பதை வைத்துத்தான் ஊகிக்க முடியும். முதலாவது, பெயர். ஞானஸ்நானப் பதிவேட்டில் பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், தாயின் பெயர், தேதி எல்லாம் எழுதப்பட்டன. 'ஏ புள்ளே', 'டேய்' என்று மட்டுமே கூப்பிடப்பட்டவர்கள் முதல் தடவையாக ஓர் எழுத்தில் ஏறினார்கள். அரசாங்கம் செத்தவர்களை ஆயிரக்கணக்கில் எண்ணிக்கொண்டிருந்தபோது அந்தப் பதிவேடு ஒவ்வொருவராக எழுதியது. பழைய பதிவேடுகள் பலவற்றில் பெயருக்குப் பக்கத்தில் சாதியும் எழுதப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாவது, அடக்கம். குழி வெட்ட ஆளில்லாமல் கிடந்த சனத்துக்கு, செத்தால் தூக்க நாலுபேர் வருவார்கள், குழி மேட்டில் நின்று ஒருவர் மந்திரம் சொல்வார், கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி எரியும் என்ற உறுதி கிடைத்தது. இது சின்ன விஷயம் என்று நினைக்கிறவர்கள், சேரிப் பிணத்தைப் பொதுப்பாதையில் கொண்டுபோக இன்றைக்கும் நடக்கிற தகராறுகளை நினைத்துப்பார்க்கட்டும்.

மூன்றாவது, அழுவதற்கு ஒரு சாமி. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். பஞ்சத்தைப் பற்றி ஊர் சொன்ன விளக்கம் கர்மவினை. போன பிறவியில் செய்த பாவம், அனுபவி. சேரிக்கு வந்த உபதேசியார் சொன்ன கதை வேறு மாதிரி இருந்தது. குற்றமில்லாத ஒருவனை அதிகாரம் பிடித்து அடித்து, ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொன்றது. அவனும் கடவுளே கைவிட்டுவிட்டாரே என்று கதறித்தான் செத்தான். அவன் அம்மா பக்கத்தில் நின்று பார்த்தாள். ஊருக்கு வெளியே என்றால் என்ன என்று சேரிக்காரிக்கு விளக்கம் வேண்டியதில்லை. துன்பப்படுகிறவன் பாவி அல்ல, பலியாக்கப்பட்டவன் என்கிற இந்த ஒரு திருப்பம்தான் அவளுக்குக் கிடைத்த நற்செய்தி என்று நான் வாசிக்கிறேன். பிள்ளையைப் பறிகொடுத்தவள் வியாகுல மாதா சுரூபத்தின் முன்னால் உட்கார்ந்தபோது, மடியில் செத்த மகனைக் கிடத்திக்கொண்டிருக்கிற இன்னொரு தாயைத்தான் பார்த்தாள். தவக்காலத்தில் நம் பெண்கள் வைக்கிற ஒப்பாரியைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அதில் யேசு எங்கே முடிகிறார், தன் வீட்டுச் சாவு எங்கே தொடங்குகிறது என்று பிரிக்கவே முடியாது.

நம்பிக்கை என்றால் 'எல்லாம் நன்மைக்கே' என்று வாயை மூடிக்கொள்வது என்று பிற்காலப் பிரசங்கிகள் சொல்லிக்கொடுத்தார்கள். யோபு அப்படி வாயை மூடிக்கொள்ளவில்லை. கடவுளையே வழக்குக்கு இழுத்தான். எகிப்தில் செங்கல் அறுத்த கூலிகளும் வாயை மூடவில்லை. அவர்கள் கூக்குரல்தான் கடவுள் காதில் விழுந்தது. கூக்குரல் போடலாம், கேட்க ஆள் உண்டு என்பதுதான் பஞ்சத்தில் கிடைத்த நம்பிக்கை.

அந்தக் கூக்குரல் ஆகாயத்தோடு போகவில்லை. பஞ்சம் முடிந்த பதினைந்து வருஷத்துக்குள் செங்கல்பட்டில் ஆடம் ஆண்ட்ரூ, கௌடி போன்ற மிஷனரிகள் பறையரின் நிலமின்மையைப் பற்றி அரசை நெருக்கினார்கள். கலெக்டர் திரமென்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30-ஆம் தேதி அரசாணை வந்தது. இன்று நாம் மீட்கப் போராடுகிற பஞ்சமி நிலத்தின் மூலம் அதுதான். கஞ்சி கேட்டவர்களின் பிள்ளைகள் காணி கேட்டார்கள்.

4

ஆனால் ஞானஸ்நானத் தொட்டியின் தண்ணீர் சாதியைக் கழுவவில்லை. வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதிக்கொரு பக்கமாகச் சுவர் எழுப்பியிருந்ததும், அதை இடிக்க இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்ததும் வரலாறு. 2008-ல் ஏறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப்பங்கு கேட்டபோது நடந்த மோதலும் துப்பாக்கிச்சூடும் நேற்று நடந்தவை. தீண்டத்தகாதோர் கிறிஸ்தவரான பின்பும் சபைக்குள் சாதி நீடித்ததையும், சமூக நீதிக்கான போராட்டத்தில் இந்தியக் கிறிஸ்தவர்கள் ஒதுங்கி நின்றதையும் அம்பேத்கர் கடுமையாகவே எழுதியிருக்கிறார். அந்தக் குற்றச்சாட்டுக்குத் திருச்சபை இன்னும் முழுப்பதில் சொல்லவில்லை.

அரசும் தன் பங்குக்குச் செய்தது. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்பதை இந்துக்களோடு நிறுத்தியது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவரும் தலித் முஸ்லிமும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல் இந்தத் தடையை நீக்கச் சொன்னபிறகும், 2022-ல் இன்னொரு ஆணையம்தான் அமைக்கப்பட்டது. ஊர்க்காரனுக்கு நான் பறையன், சபைக்குள்ளும் பறையன். சர்டிபிகேட்டில் மட்டும் நான் பறையன் இல்லை!

5

2012 நவம்பர் 7-ஆம் தேதி தருமபுரிக்குப் பக்கத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று காலனிகளில் இருநூறுக்கும் மேற்பட்ட தலித் வீடுகள் எரிக்கப்பட்டன. ஒரு காதல் திருமணம் அதற்குச் சாக்கு. அப்போது நான் மாணவன். நண்பர்களோடு போயிருந்தேன். பீரோ உடைக்கப்பட்டிருந்தது, பிள்ளைகளின் சான்றிதழ்கள் சாம்பலாகிக் கிடந்தன. கடவுள் ஏன் இதை அனுமதித்தார் என்று எங்களிடம் யாரும் கேட்கவில்லை. "டி.சி. எரிஞ்சுபோச்சு, வேற எங்கப்பா வாங்கறது?" என்றுதான் கேட்டார்கள். எரிந்த வீட்டுக்கு நடுவில் நின்றுகொண்டு பிள்ளையின் அடுத்த வகுப்பைப் பற்றிக் கேட்கிற அந்தக் கேள்விக்கு என்ன மதம்? தாது வருஷத்தில் பதிவேட்டில் பெயர் எழுதச் சொன்னவர்களும் இதே குரலில்தான் கேட்டிருப்பார்கள்.

இந்தப் பகுதி தன் பெருமைகளை மறக்கவில்லை. பஞ்சம் ஓய்ந்த 1878-ல் ஓசூர்ப் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜியின் வீடு நினைவில்லமாக இருக்கிறது. பாப்பாரப்பட்டியில் சுப்பிரமணிய சிவாவுக்கு நினைவிடம் இருக்கிறது. தாது வருஷத்தில் செத்த லட்சக்கணக்கான கூலிகளுக்கு ஒரு நடுகல் கூட இல்லை. நடுகற்களுக்குப் பேர்போன மண் இது!

எனவே தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேதக்கோயில்களின் பழைய பதிவேடுகள் கரையானுக்குப் போகும் முன் நம் பிள்ளைகள் அவற்றைப் படியெடுக்க வேண்டும். சபையில் சேராத நம் சனத்தின் பஞ்சக் கதைகளையும் கூடவே சேர்க்க வேண்டும். அடுத்த தடவை எவனாவது "கஞ்சிக்குச் சேர்ந்தவங்கதானே?" என்று கேட்டால் தலைகுனிய வேண்டாம். நீ தானியத்தைப் பூட்டி வைத்தபோது நாங்கள் பட்டினி கிடந்தோம், செத்தோம், மிச்சமிருந்தவர்கள் எங்கள் பெயரை எழுதி வைக்கிற இடத்தைத் தேடிப் போனார்கள் என்று சொல்லுங்கள்.