திருச்சி மலைக்கோட்டை ஓவியங்களும் ஓவியரை அறியும் முறையும்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை, 18ஆம் நூற்றாண்டு முதல் ஐரோப்பிய ஓவியர்கள் பலமுறை வரைந்த காட்சியாகும். பாலக்கரை போன்ற பழைய பகுதியில் உள்ள வீடொன்றில் இக்காட்சியைக் கொண்ட பழம்படம் இருந்தால், அதன் ஓவியரையும் மதிப்பையும் அறிய இவ்வோவியங்களின் வரலாறு வழிகாட்டுகிறது.

தைலவண்ண ஓவியம்

சென்னைப் படையில் பணியாற்றிய பிரான்சிஸ் சுவைன் வார்டு மலைக்கோட்டையைத் தைலவண்ணத்தில் தீட்டினார். தென்னிந்தியக் காட்சிகளைக் கொண்ட தம் பத்து ஓவியங்களை அவர் 1773இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வழங்கினார். அவை இன்று இலண்டனில் பிரித்தானிய நூலகத்தில் உள்ளன. கைமாறிய வரலாறு பதிவாகி இருப்பதால் இவற்றின் ஓவியர் யார் என்பதில் ஐயமில்லை.

அச்சுப்படம்

தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தவரின் மகன் வில்லியம் டேனியலும் 1792இல் திருச்சிக்கு வந்தனர். காவிரியிலிருந்து தெரியும் மலைக்கோட்டையை அவர்கள் செப்புத்தகட்டு அச்சாக வெளியிட்டனர். இவ்வகை அச்சுகளுக்குக் கையால் வண்ணம் தீட்டப்பட்டது. ஓவியர் பெயர் படத்தின் கீழ் விளிம்பில் பொறிக்கப்பட்டிருக்கும். சட்டமிடும்போது விளிம்பை வெட்டிவிட்டால் அச்சான்று அழிந்துவிடும்.

1894இல் மும்பையில் இரவிவர்மா அச்சகம் தொடங்கிய பின், தைலவண்ணம் போலவே தோன்றும் ஓலியோகிராப் படங்கள் வீடுகளில் பரவின. உருப்பெருக்கியில் பார்த்தால் அச்சில் நுண்புள்ளிகள் தெரியும். தைலவண்ணத்தில் தூரிகைத் தடமும் வண்ணத்தின் தடிப்பும் தெரியும்.

அப்பிரக ஓவியம்

19ஆம் நூற்றாண்டில் திருச்சி, அப்பிரகத் தகடுகளில் (காக்காய்ப்பொன்) தீட்டும் ஓவியங்களுக்குப் பெயர்பெற்றிருந்தது. இவை நீர்வண்ண ஓவியங்கள். தீட்டிய உள்ளூர்க் கலைஞர்கள் பெரும்பாலும் கையொப்பமிடவில்லை. எனவே இவற்றுக்குத் தனி ஓவியர் பெயரைச் சூட்டுவது அரிது.

ஓவியரை உறுதிசெய்தல்

கையொப்பம் மட்டும் போதிய சான்றாகாது. அதைப் பின்னாளில் சேர்க்க முடியும். படத்தின் பின்புறத்திலுள்ள துணி, ஆணி, மரச்சட்டம், கடைச்சீட்டு, எழுத்துகள் ஆகியவற்றை ஒளிப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். குடும்பத்துக்குப் படம் வந்த வழியைக் காட்டும் கடிதம், ரசீது, பழைய ஒளிப்படம் ஆகியவை வலுவான சான்றுகள். ஆய்வுக்கு முன் படத்தைத் துடைத்தல், மெருகு பூசுதல், சட்டத்தை மாற்றுதல் கூடாது.

மதிப்பும் சட்டமும்

ஓவியர், கைமாறிய வரலாறு, படத்தின் நிலை, அதே ஓவியரின் பிற படைப்புகள் ஏலத்தில் பெற்ற விலை ஆகியவற்றால் மதிப்பு அமைகிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டப்படி, நூறாண்டு கடந்த ஓவியங்களைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. இரவிவர்மாவின் ஓவியங்களும் 1979இல் கலைக்கருவூலமாக அறிவிக்கப்பட்டன. ஆகவே இலண்டன் ஏல விலையை இந்திய வீட்டிலுள்ள படத்துக்கு அப்படியே பொருத்த இயலாது.